கவளமே என்றொரு கொஞ்சல்

பதிப்பகத்தின் கூட்ட அறையில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னல் பக்கம், ஏசிக்கு நேர் கீழே, பதிப்பாளர். கதவை ஒட்டி விற்பனை மேலாளர். போன் வந்தால் எழுந்து போக வசதி. கால் ஆடும் நாற்காலியில் மொழிபெயர்ப்பாளர். நாற்காலி மிஞ்சாததால், ‘நித்திய தாகம்’ நாவலின் ஐந்தாம் பாகக் கட்டுகளின் மேல் அவளுடைய மகள். தலைமை ரசிகையின் கருத்து வேண்டுமென்று பதிப்பாளரே அவளை வரச் சொல்லியிருந்தார்.

மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு இன்றைய தபாலில் சேர்க்காவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். அந்தக் கடிதம் அம்மாவின் கைப்பையில் ஒரு வாரமாக மடங்கிக் கிடந்தது. “யோசிக்கிறேன்மா” என்பதற்கு மேல் மகளிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. அவளுக்காக யோசிப்பது எவன் என்பது அம்மாவுக்குத் தெரியும். அந்த நாவலின் அட்டைப்படக் கதாநாயகனைப் போலவே ஒற்றைக் கண்ணை மறைத்து முடி விட்டுக்கொண்டு திரிகிறவன்.

அந்தக் கதாநாயகனை நினைத்தாலே அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். முந்நூறு வயது ரத்தக்காட்டேரி, பன்னிரண்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. இத்தனை காலத்தில் ஒரு வேலைவெட்டி தேடிக்கொள்ளத் துப்பில்லை. மூச்சே இல்லாதவன், பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு விடுவான். அவன் வந்த நாளிலிருந்து கதாநாயகிக்குச் சிநேகிதி கிடையாது, படிப்பு கிடையாது. அவளுடைய போனை அவன் பிடுங்கி வைத்துக்கொள்வதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

மூலத்தில் அவன் அவளைக் கொஞ்சும் சொல் ஒன்று உண்டு. கண்ணே என்றோ உயிரே என்றோ போட்டுவிட்டுப் போயிருக்கலாம். எரிச்சலில் அம்மா ‘கவளமே’ என்று போட்டாள். இவன் அவளை என்னவாகப் பார்க்கிறான் என்று பிள்ளைகளுக்கு உறைக்கட்டுமே என்ற நினைப்பு. எங்கே உறைத்தது? அந்தச் சொல் பனியனில் ஏறியது, சாவிக்கொத்தில் தொங்கியது.

“மேடம், ஆறாவதும் நீங்கதான் பண்ணணும். ‘கவளமே’வுக்காகவே புக்கு பறக்குது,” என்ற பதிப்பாளர் புதுப் படத்தை நீட்டினார். “அட்டை எப்படி?”

“அட்டைதான் சார். ஒட்டிக்கிட்டு உறிஞ்சுறான். பொருத்தமாத்தான் இருக்கு.”

“அம்மா, மானத்த வாங்காத. உனக்கு லவ்வுன்னாலே புரியாது,” என்றாள் மகள்.

மாதிரிக்காக அம்மா மொழிபெயர்த்திருந்த ஆறாம் பாகத்து முதல் பக்கத்தை மேலாளர் எடுத்து, குரல் தழுதழுக்க வாசித்தார். “‘கல்லூரி எதற்கு, கவளமே? நான் இருக்கும் இடம்தான் உனக்கு ஊர்.’”

அந்நேரம் மகளின் போன் கிர்ரென்றது. அந்த முடிக்காரனின் செய்தியை அம்மா ஓரக்கண்ணால் படித்துவிட்டாள்: ஹாஸ்டல்லாம் வேணாம் கவளமே. மகள் உதட்டைக் கடித்துச் சிரித்துக்கொண்டாள். அம்மா பல்லைக் கடித்தாள். வாயைத் திறந்தால் அவள்தான் வில்லி.

அடுத்து மேலாளருக்கு வீட்டிலிருந்து போன். கதவருகே போய்ப் பேசினாலும் அவர் குரல் ஊருக்கே கேட்கும்.

“என்ன, சாப்பிட மாட்டேங்கிறானா? எதையாவது காட்டி ஏமாத்து. என் தங்கம்ல, இன்னும் ஒரே ஒரு கவளம்னு சொல்லு. வாயத் தொறந்ததும் உள்ள தள்ளிரு. முழுங்கிருவான்.”

மகள் நிமிர்ந்தாள். “அங்கிள், கவளம்னா என்ன?”

“கட்டுக்கட்டா அது மேலயே உக்காந்துக்கிட்டு என்னைக் கேக்குறியா? சோத்து உருண்டைம்மா. ஒரு வாய்க்கு அளவா உருட்டுறது.”

“அப்ப… கொஞ்சல் இல்லையா?”

“கொஞ்சல்தான். முழுங்குற வரைக்கும்.”

பதிப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகளின் முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது.

“தெரிஞ்சேதான் எழுதுனியாம்மா?”

“அஞ்சு பாகமும் தெரிஞ்சேதான்.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? அவனுக்கு ‘உன் கவளம்’னு நானே அனுப்பியிருக்கேன்!”

போன் மறுபடி கிர்ரென்றது. எங்க போன? பதில் சொல்லு கவளமே. மகள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு படபடவென்று தட்டினாள்: பசிச்சா உங்கம்மாகிட்ட கேளு. போனைக் குப்புறக் கவிழ்த்தாள்.

“அந்த லெட்டர எடும்மா.”

மகள் கையெழுத்துப் போட்டாள். உறைதான் இல்லை. அலுவலக உறை ஒன்றைப் பதிப்பாளர் கொடுத்தார். தபால்தலை ஒட்டும் மூலையில் கதாநாயகன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

“எங்க ஒட்டுவ? இடமே இல்லையே,” என்றார் மேலாளர்.

“அவன் பல்லு மேலதான் அங்கிள்.” பசையைத் தாராளமாகத் தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

“அப்ப ஆறாம் பாகம்?” என்று இழுத்தார் பதிப்பாளர்.

“முதல் பக்கத்துலயே கவளம்னா என்னன்னு பெருசா அர்த்தம் போடுங்க. பண்றேன்.”

“போட்டா எவன் மேடம் வாங்குவான்?”

அதற்குள் மகள் படியிறங்கிவிட்டாள். கீழே தெருவோரத் தபால் பெட்டியின் வாயில் உறையை வைத்துத் தள்ளினாள். பெட்டி ஒரே வாயில் விழுங்கிக்கொண்டது.