எட்டாம் மாடிக்கு ஒரு பொத்தான்

அந்தக் கட்டடத்துக்கு ஏழு மாடிதான். ஆனால் லிஃப்டில் ஐந்தை அழுத்தினால் சில சமயம் ஐந்தாம் மாடி வரும், சில சமயம் எட்டாம் மாடி வரும். எட்டாம் மாடியில் நீளமாக ஒரு நடை, ஒரு ட்யூப் லைட், பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஜன்னல் கிடையாது, படிக்கட்டும் கிடையாது. வெளியே நின்று எண்ணினால் ஏழுக்கு மேல் தண்ணீர்த்தொட்டிதான் தெரியும். முதல் மாதம் எல்லோரும் குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து புகார் எழுதினார்கள். கையில் காய்கறிப் பையோடு வீட்டுக்குப் போகிறவனுக்கு அதிசயம் எதற்கு? ஐந்தாம் மாடிக்காரர்களில் புத்தியுள்ளவர்கள் நாலை அழுத்தி, இறங்கி, ஒரு மாடி ஏறிப் போகப் பழகிக்கொண்டார்கள்.

லிஃப்டில் இன்னொரு விசேஷமும் உண்டு. இரண்டை அழுத்தினாலும் மூன்றாம் மாடி, மூன்றை அழுத்தினாலும் மூன்றாம் மாடி. கட்டிய நாளிலிருந்தே அப்படித்தான். இரண்டாம் மாடிக்காரர்கள் மூன்றில் இறங்கி ஒரு மாடி கீழே நடப்பார்கள். ஒருவரும் வாய் திறந்ததில்லை. ஆனால் லிஃப்ட் மெக்கானிக் வந்து பார்த்ததும், ஐந்தை விட்டுவிட்டு இதைத்தான் பிடித்துக்கொண்டான். இரண்டு பொத்தான் ஒரே மாடிக்குப் போவது அவன் தொழிலுக்கே அவமானமாம். நாலு மாதம் மல்லுக்கட்டினான். மோட்டாரைக் கழற்றினான், மாட்டினான், ஒயரெல்லாம் மாற்றினான், ஒரு தடவை விரலை நசுக்கிக்கொண்டான். கடைசியில் இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று ஆக்கிவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனான். ஐந்து அப்படியே இருந்தது.

மெக்கானிக்கின் அக்கா அதே கட்டடத்தில், அதே பாழாய்ப்போன ஐந்தாம் மாடியில்தான் குடியிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பதினாறு வருடமாகத் தற்காலிக ஊழியர். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் நாற்பத்தைந்து வயது முடிவதற்குள் எழுதும் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் தேற வேண்டும். படுக்கை விரிப்பு வெளுக்க இயற்கணிதம் எதற்கு என்று அவளும் கேட்டாள். விதி என்றார்கள். மூன்று முறை எழுதி மூன்று முறையும் கோட்டை விட்டாள், மூன்று முறையும் நாலைந்து மதிப்பெண்ணில், மூன்று முறையும் ஒரே பாடத்தில்: உறவுகளும் சார்புகளும். இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம், நடுவே அம்புக்குறிகள். இதில் எது சார்பு, எது சார்பு அல்ல? இரண்டு அம்புகள் ஒரே புள்ளியில் போய் முட்டினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். 'சார்பு அல்ல' என்று அழுத்தி எழுதுவாள். ஒரே புள்ளியிலிருந்து இரண்டு அம்புகள் கிளம்பினால், பாவம், இரண்டு பக்கமும் அனுசரித்துப் போகிறது என்று 'சார்பு' என்பாள். இரண்டுமே தப்பு. இரண்டும் மூன்றும் ஒரே மாடிக்குப் போவதை அவமானம் என்ற தம்பிக்கு அக்கா. மதிப்பகத்தின் (அதுதான் இடப்பக்க வட்டம்) ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரே ஒரு நிழல் உரு (அதுதான் அம்பு போய்ச் சேரும் புள்ளி) என்று புத்தகத்தில் இருப்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஒப்பித்து முடித்ததும், "யாருக்குப் புரியணும்னுதான் இதை எழுதினானோ!" என்று புத்தகத்தைச் சுவரில் அடிப்பாள். அடி பட்ட இடத்தில் அட்டையின் நீலச்சாயம் ஒட்டியிருந்தது.

நான்காவது தேர்வுதான் கடைசி. அது முடிந்து ஒன்பதாம் நாள் அவளுக்கு வயது தாண்டிவிடும். தேர்வு காலை பத்து மணிக்கு. ஒன்பது மணிக்குக் கீழே இறங்கித் தெருமுனைவரை போனபிறகுதான் ஹால் டிக்கெட்டை மேஜையிலேயே விட்டது ஞாபகம் வந்தது. ஓடி வந்து ஐந்தை அழுத்தினாள். எட்டு. அங்கிருந்தே மறுபடி ஐந்தை அழுத்தினாள். கதவு மூடி, குலுங்கி, திறந்தது. எட்டு. நாலை அழுத்தலாம்தான். ஆனால் சொந்த வீடு ஐந்தில் இருக்கும்போது நான் ஏன் நாலை அழுத்தணும் என்பது அவள் கட்சி. பல வருடமாக அதை விட்டுக்கொடுத்ததில்லை. ஆறு தடவை அழுத்தினாள். ஆறு தடவையும் எட்டு. பச்சை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே லிஃப்டைப் பார்த்துக் கத்தினாள்:

"ரெண்டும் மூணும் ஒரே மாடிக்குப் போச்சே, அதுல யாராவது ஏமாந்தாங்களா? எங்க போய் நிக்கும்னு குழந்தைக்குக்கூடத் தெரியும்! நீதான்டா மோசம். ஒரு பட்டனுக்கு ரெண்டு மாடி! உன்னை நம்பி எவ காலை வைப்பா?"

சொல்லி முடித்ததும் அழுகை பாதியில் நின்றது. தான் சொன்னதைத் தானே ஒரு தடவை முணுமுணுத்துப் பார்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாக நாலை அழுத்தினாள். நாலு வந்தது. முழங்கால் வலியோடு ஒரு மாடி ஏறி, ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, படியிலேயே இறங்கி ஓடினாள். தேர்வுக்கூட வாசலை மூட இரண்டு நிமிடம் இருந்தது.

அதே அம்புக் கேள்விதான் வந்திருந்தது. அவள் இந்த முறை அம்புகள் எங்கே முட்டுகின்றன என்று பார்க்கவில்லை. இடப்பக்க வட்டத்தில் இருந்தவற்றை ஒவ்வொரு பொத்தானாக மனதுக்குள் அழுத்திப் பார்த்தாள்.

அன்று மாலையே தம்பியைக் கூப்பிட்டனுப்பினாள்.

"ஐந்தை ரிப்பேர் பண்ண வேணாம். எட்டுக்குன்னு தனியா ஒரு பட்டன் வை."

"இல்லாத மாடிக்கு எவனாவது பட்டன் வைப்பானாக்கா? சிரிப்பாங்க."

"அந்த இல்லாத மாடியிலதான் உங்கக்கா அரை மணி நேரம் உக்காந்து அழுதுட்டு வந்திருக்கா. போற இடம் ரெண்டு இருக்கு, பட்டன் ஒண்ணுதான் வெச்சிருக்கீங்க. அது என்ன பண்ணும்? வைடான்னா வை."

வைத்தான். எட்டை அழுத்தினால் எட்டு வந்தது. அதன்பின் ஐந்து ஒரு நாளும் பிசகவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் எட்டாம் மாடியையும் பெருக்குகிறவரின் பட்டியலில் சேர்த்தார். மழைக்காலத்தில் துணி காயவைக்க அங்கே முறை வைத்தார்கள். இரண்டாம் மாடிக்காரர்கள் மட்டும், பழையபடி மூன்றில் இறங்கி நடந்தால்தான் சாப்பிட்டது செரிக்கிறது என்று மனுக் கொடுத்தார்கள். மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு மாத வேலையை ஒரே மத்தியானத்தில் கலைத்தான்.

முடிவு வந்தபோது அக்காவுக்கு நாற்பத்தொரு மதிப்பெண். நிரந்தர உத்தரவு கைக்கு வந்த அன்று சாயங்காலம் அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை, எட்டை அழுத்தினாள். பச்சை நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை மூன்று முறை படித்தாள். காயப்போட்டிருந்த யாருடைய போர்வையிலோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு லிஃப்டுக்குள் போய் ஐந்தை அழுத்தினாள். ஐந்து வந்தது.