ஒருவர்கூட இல்லாத ஊர்

அப்பாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. வானொலி நிலையத்துக்குக் கிளம்ப நேரம் இருக்கும்போதே சட்டை மாற்றி, ஷூ போட்டு, வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். போர்க்காலத்தில் நாட்டுக்கே தலைமை தாங்கியவர், ஆண்டுவிழாவுக்குப் போகிற பிள்ளை மாதிரி "கெளம்பலாமாம்மா?" என்று என்னை அரித்தெடுத்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை. போர் முடிந்த நாளின் நினைவாக, தன் பழைய உரையை அவரே நேரலையில் திரும்ப வாசிக்கப்போகிறார். அந்த உரை எனக்குத் தலைகீழ்ப் பாடம். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிப் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன்.

நிலையத்தில் ஒத்திகை அமர்க்களமாகப் போனது, ஒரு வரி வரும்வரை. எதிரிப் படையைத் தடுக்க அணையைத் திறக்கச் சொன்னவர் அப்பாதான். 'கீழேயிருந்த ஊரில் ஒருவர்கூட இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே திறந்தோம்.' அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். மறுபடி வாசித்தார். மறுபடியும் அங்கேயே நின்றார்.

"மூச்சு வாங்குதுங்கய்யா. அந்த வரிய ரெண்டா பிரிச்சுப் படிங்க," என்றார் ஒலிப்பதிவாளர்.

அப்பா சிரித்தார். "பிரிச்சா சரியாயிடுமா தம்பி?"

சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் ஒலிப்பதிவாளரும். அப்பா கணீரென்று தொடங்கினார். எனக்குப் புல்லரித்தது, உதடுகள் தாமாகவே அவரோடு அசைந்தன. 'ஒருவர்கூட இல்லை' என்று நான் முணுமுணுத்து முடித்துவிட்டேன். அவர் சொல்லவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டார்.

"அந்த ஊரு ஆஸ்பத்திரியில ஆளுங்க இருந்தாங்க. படுத்த படுக்கையா இருந்தவங்க. வெளிய கொண்டுவர ஒரு ராத்திரி டைம் கேட்டாங்க. நான் குடுக்கல. யாரும் இல்லன்னு உங்ககிட்ட சொன்னதும் நான்தான்."

 மேசைமேலிருந்த தொலைபேசி அலறியது. ஒலிப்பதிவாளரின் விரல் நிறுத்தும் பொத்தான்மேல் போய் நின்றது.

"அக்கா, பாட்டு போட்டுரவா? உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம். ஐயா பேரு கெட்டுப்போயிடும்."

போடச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நாளைக்கு எங்கள் வீட்டில் கல் விழும். இத்தனை வருஷத்துப் பேர் மண்ணோடு மண்ணாகிப் போகும். ஆனால் உள்ளே அவர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார், அடக்கமாட்டாத ஆவலோடு. இதற்காகத்தான் இவ்வளவு அவசரப்பட்டாரா?

ஒலிப்பதிவாளரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். தொலைபேசி விடாமல் அடித்தது. அப்பா மைக்கைப் பக்கத்தில் இழுத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "மொத வார்டுலேருந்து ஒவ்வொரு பேரா சொல்றேன்," என்றார்.