ஏழாம் அறையில் தங்கிவிட்ட குரல்

“கெஞ்சாதீங்க சிஸ்டர், கெஞ்சினா அவர் வாயைத் திறக்கவே மாட்டார்...”

“எனக்குத் தெரியும்க்கா, நான் பாத்துக்கறேன்...”

“பாத்துக்கிட்டுத்தானே நிக்கறீங்க? மாத்திரை இன்னும் உங்க கையிலதான் இருக்கு!”

முதியோர் பராமரிப்பு இல்லத்தின் ஏழாம் அறையில் நர்சோடு இப்படி மல்லுக்கு நின்றது, அங்கே தங்கியிருந்த பெரியவருடைய மகளின் குரல் மட்டுமே. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது மகளின் வேலை. அந்நேரம் அவள் மூன்று தெரு தள்ளி, பயிற்சிக் காரில் ஊமையாக உட்கார்ந்திருந்தாள். அப்பாவைச் சேர்த்துவிட்டுத் திரும்பிய அன்று குரல் அவளோடு கிளம்பவில்லை. கணவர் முதல் வாரம் நிம்மதியாகப் பேப்பர் படித்தார். இரண்டாம் வாரம், “ஏதாவது திட்டேன்” என்று அவரே கேட்டார். பயிற்சிக்கு வந்தவர்களோ, திட்டு விழாததால் முன்னைவிட நன்றாக ஓட்டினார்கள். ஆனாலும் அவள் கால் தன் பக்கத்து பிரேக்கை விட்டு நகரவில்லை.

குரல் அங்கே சும்மா இருக்கவில்லை. நாக்கு இல்லாமலே சூப்பில் உப்பு குறைவு என்றது. பக்கத்து அறைக்காரரின் போர்வையைப் பற்றியும் அபிப்பிராயம் சொன்னது. நிர்வாகி மகளைக் கூப்பிட்டு, “ஒண்ணு குரலைக் கூட்டிட்டுப் போங்க, இல்ல அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்” என்று சொல்லிவிட்டார். வீடு இரண்டாம் மாடி. அப்பாவைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு போயிருந்தது. குரல் உள்ளே வரட்டும் என்று, பல் டாக்டரிடம் போனவள்போல அந்த அறையில் வாயைத் திறந்துகொண்டு நின்று பார்த்தாள். “நான் வந்துட்டா இவருக்கு மாத்திரை யார் குடுப்பா?” என்றது குரல்.

வெள்ளிக்கிழமை நர்சுக்கே பொறுமை போயிற்று. “வாயைத் திறங்கன்னா திறங்க! எனக்கு வேற வேலை இல்லையா?”

அப்பா திறந்தார். விழுங்கினார். “இப்பதான் மனுஷங்க மாதிரி பேசறே” என்று பாராட்டவும் செய்தார்.  குரல், “தண்ணி ரெண்டு மடக்கு...” என்று ஆரம்பித்தது. “குடுத்தாச்சுக்கா” என்றாள் நர்ஸ்.

அன்று மாலை பயிற்சிக் காரில் மகள், “லாரி! லாரி!” என்று கத்தினாள். ஓட்டிக்கொண்டிருந்தவர் லாரியைவிட அவளைக் கண்டுதான் பயந்தார்.

அதற்குப் பிறகான வருடங்களில், மகளால் வர முடியாத நாட்களில் குரல் மட்டும் பார்வையாளர் நேரத்தில் வந்துபோனது. காவலாளி அதற்கும் பார்வையாளர் அட்டை கொடுத்தார். குத்திக்கொள்ளச் சட்டை இல்லாததால் அட்டை மேசையிலேயே கிடக்கும். நேரம் முடிந்ததும் நர்ஸ் கதவைத் திறந்துவிடுவாள். குரல் போனபின் அப்பா அந்த வாசலைப் பார்த்துச் சொல்வார்:

“போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடும்மா.”