ஆற்றுக்குள் போன பதினோரு வாசல்கள்

பொன்மணியின் வாசற்படிக்கு நடுவே, ஆற்றின் எல்லை இதுதான் என்று சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் ஆறு. அடையாற்றங்கரையில் இப்படிப் பதினோரு வாசல்கள் ஒரே நாளில் ஆற்றுக்குச் சொந்தமாகிவிட்டன. திங்கட்கிழமை இடிக்க வண்டி வரும் என்று சொல்லியாயிற்று.

கோடு போட்டவள் ஜுவேரியா, ஒரு தனியார் நிறுவனத்தின் சர்வேயர். வெள்ளிக்கிழமை ஜிபிஎஸ் கருவி காட்டிய எண்களை நம்பி ரிப்போர்ட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டாள். சனிக்கிழமைதான் செய்தியில் பார்த்தாள்: சூரியனிலிருந்து கிளம்பிய புயல் முந்தைய நாள் பூமியில் மோதி, செயற்கைக்கோள் சிக்னலையெல்லாம் குழப்பிவிட்டதாம். சூரியனில் பெரிய கரும்புள்ளி இருப்பது அவளுக்கு ஒரு வாரமாகவே தெரியும். பைனாகுலர் வழியாகச் சூரியனின் பிம்பத்தைத் தாளில் விழவைத்துப் பார்க்கும் பைத்தியம் காலேஜ் நாளிலிருந்தே உண்டு. தெரிந்தும் ஏமாந்தோமே என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம்.

ஞாயிறு காலை கருவியோடு வந்தாள். தெருமுனையில் அரசாங்கம் நட்ட அளவுக்கல் ஒன்று இருக்கிறது. அதன் சரியான இடம் பதிவேட்டில் உண்டு. வேலை தொடங்குமுன் கருவியை அந்தக் கல்லில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். வெள்ளியன்று அவசரத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டாளே தவிர, ஒப்பிடவில்லை. இப்போது ஒப்பிட்டாள். இன்றைய எண் பதிவேட்டோடு அச்சாகப் பொருந்தியது. வெள்ளிக்கிழமை எண்ணிலோ கல் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. அப்படியானால் பதினோரு கோடுகளும் அதே இரண்டு மீட்டர் வீடுகள் பக்கம் தள்ளி விழுந்திருக்கின்றன.

அவள் போன் செய்ததும் மேலதிகாரி சுவாமிநாதன் மயிலாப்பூரிலிருந்து காரில் வந்து இறங்கினார்.

"ரிப்போர்ட் போயாச்சும்மா. ரெண்டு மீட்டர்தானே? விட்டுத் தொலை."

"கல்லு வெள்ளிக்கிழமை நடந்து போய்ட்டு இன்னிக்குத் திரும்பி வந்துச்சா சார்?"

"கருவி சொன்னதைத்தானே எழுதினே? யார் கேக்கப்போறா?"

"நாங்க கேப்போம்," என்றாள் வாசலில் நின்ற பொன்மணி. பிறகு ஜுவேரியா பக்கம் திரும்பினாள். "இன்னாம்மா, நீ சொன்ன மாதிரி மெய்யாலுமே சூரியன் பண்ண வேலையா இது? வானம் பளிச்சுனு கீதே!"

ஜுவேரியா பைனாகுலரை வெயிலுக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள். "மேல பாக்காதீங்கக்கா, கண்ணு போய்டும். தாளைப் பாருங்க." வெள்ளைத் தாளில் வளையல் அகலத்துக்கு ஓர் ஒளிவட்டம். அதன் ஓரத்தில் எள் ஒட்டினாற்போலக் கறுப்பு. "அந்த எள்ளுல நம்ம பூமிய பத்து வாட்டி வரிசையா வெக்கலாம்."

"அடியாத்தீ! அம்மாம் பெரிசா?"

"தப்புன்னு எழுதினா உன் வேலைதான் போகும், தெரியுமோ?" சுவாமிநாதனின் குரல் உயர்ந்தது. "கையெழுத்து உன்னுது."

"தப்பும் என்னுதுதான் சார். சூரியன் மேல பழியப் போட்டுட்டு ஓட மாட்டேன்."

அவர் காரின் பானெட் மேலேயே தாளை விரித்தாள். 'வெள்ளிக்கிழமை அளவுகள் தவறு. சரிபார்க்காதது என் குற்றம்.' கையெழுத்திட்டு, படமெடுத்து, இடிக்க உத்தரவு போட்ட அலுவலகத்துக்கு அவர் கண்முன்னாலேயே அனுப்பினாள். தாளைப் பொன்மணியிடம் கொடுத்துவிட்டு, பெயின்ட்டைக் கரைக்கும் தின்னரும் பழந்துணியுமாக வாசற்படியில் மண்டியிட்டாள். கோடு சிவப்புச் சேறாகக் கரைந்தது.

"நாளைக்கு ஆபீஸ் பக்கம் வந்துடாதே!" என்று கத்தினார் சுவாமிநாதன்.

ஜுவேரியா நிமிரக்கூட இல்லை. அடுத்த வாசலுக்கு நகர்ந்தாள்.

"வரமாட்டேன் சார். நாளைக்கு வண்டி வருதுல்ல? நான் இங்கதான் நிப்பேன்."