வெள்ளை முட்டையில் வெள்ளைக் கிரேயான்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. சிறுவர் இதழ் ஒன்றின் ஆசிரியர் கேட்டது அரைப் பக்கம். "ஈஸ்டருக்குப் பசங்க வீட்டுலயே முட்டைக்குக் கலர் அடிக்கிற மாதிரி ஏதாவது எழுதிக் குடுங்க. கருத்து கிருத்தெல்லாம் வேண்டாம்." எனக்குக் குழந்தைகள் இல்லை. நான் தூரிகையைப் பிடித்தால் சட்டைதான் நிறம் மாறும். அதனால் ஒன்றாம் வகுப்பு டீச்சரான என் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். செய்முறையைச் சொன்னாள். கூடவே, கேட்காமலேயே, போன வருஷம் வகுப்பில் நடந்த ஒன்றையும் சொன்னாள்.

"எழுதிக்கோ. ஆனா படத்துல என்ன இருந்துச்சுன்னு மட்டும் கேக்காத."

2.

செய்முறை. தடித்த வெள்ளை அட்டையை முட்டை வடிவில் வெட்டிக்கொள்ளவும். வெள்ளை மெழுகுக் கிரேயானால் அழுத்தி வரையவும். வெள்ளைமேல் வெள்ளை, ஒன்றும் தெரியாது. பிறகு மேலே நீர்வண்ணம் பூசவும். மெழுகில் நிறம் ஒட்டாது என்பதால் வரைந்தது பளிச்சென்று வெளியே வரும்.*

(* வீட்டில் செய்தால் மேசைமேல் பழைய செய்தித்தாள் விரிக்கவும். இது அக்காவின் கண்டிப்பான உத்தரவு.)

இங்கேயே நிறுத்தியிருந்தால் ஆசிரியர் சந்தோஷப்பட்டிருப்பார்.

3.

முதல் தொடக்கம்: "விடுமுறைக்கு முந்தைய நாள். அந்த வகுப்பறையில் வண்ணங்கள் துள்ளிக்"

(வண்ணங்கள் துள்ளாது. டப்பாவைத் திறக்கவே டீச்சரைக் கூப்பிட வேண்டும்.)

இரண்டாவது தொடக்கம்: "அந்தச் சிறுமி கறுப்புக் கிரேயானை எடுத்தபோதே டீச்சருக்கு"

(போதும். கதைகளில் கறுப்பை எடுக்கும் குழந்தைக்கு வீட்டில் ஏதாவது துக்கம் இருந்தே தீரும். நிஜத்தில் மற்ற கலர்களைப் பக்கத்து பெஞ்சுக்காரன் பிடுங்கியிருப்பான்.)

நேராகவே சொல்கிறேன். வகுப்பிலேயே குட்டி என்பதால் அந்தச் சிறுமிக்குப் பட்டப்பெயர் பொடிசு. அம்மா ரொம்ப தூரத்தில் ஓர் ஊரில் நர்ஸ். பொடிசு சித்தி வீட்டில் இருக்கிறாள். ஈஸ்டருக்கு வந்துவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். போன முறையும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

மற்ற பிள்ளைகள் வரைந்தார்கள், பூசினார்கள். பொடிசு வரைந்ததோடு நிறுத்திக்கொண்டாள்.

"ஏம்மா, கலர் பூசலையா?"

"அம்மா பூசட்டும் டீச்சர். அவங்கதான் முதல்ல பாக்கணும்."

"எனக்குக்கூடக் காட்ட மாட்டியா?"

"ம்ஹூம்."

சரி, பத்திரமாக இருக்கட்டும் என்று அக்கா அதை வாங்கித் தன் மேசைமேல் வைத்தாள். பக்கத்திலேயே, மிச்சமான வெற்று முட்டைகள்.

(என்ன நடக்கப்போகிறது என்று இப்போதே ஊகித்துவிட்டால் நீங்கள் நல்ல வாசகர்.)

4.

தொப்பல் என்று ஒரு பையன். தண்ணீரைக் கண்டால் விடமாட்டான், அதனால் அந்தப் பெயர். அன்றும் அவன் பூசிய பூச்சில் அட்டை ஊறிக் கிழிந்தது. ஒரே அழுகை. பின்பெஞ்சில் நடந்த சண்டையை அதட்டிக்கொண்டே, மேசையில் கைக்கு அகப்பட்ட ஒரு வெள்ளை முட்டையை எடுத்து அக்கா அவனிடம் நீட்டினாள். வரைய எல்லாம் அவனுக்குப் பொறுமை இல்லை. தூரிகையை நீலத்தில் முக்கி நேராக ஒரு இழுப்பு.

"டீச்சர்! நான் ஒண்ணுமே வரையல! தானா வருது!"

அக்கா ஓடிப்போய்ப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் புரிந்தது. பின்னாலேயே பொடிசு வந்தாள். அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அழவில்லை.

"ஐயோ கண்ணு, டீச்சர் தெரியாம பண்ணிட்டேன்."

"நீங்க பாத்துட்டீங்க."

"ஆமா."

"அம்மாவுக்கு முன்னாடி பாத்துட்டீங்க."

இதற்கு அக்கா சொல்வதாக நான் சில பதில்கள் எழுதிப் பார்த்தேன். எல்லாம் பெரியவர்கள் தப்பித்துக்கொள்ளச் சொல்கிற பதில்கள். அடித்துவிட்டேன்.

தொப்பல்தான் பேசினான். "நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இப்பவே பாதி மறந்துட்டேன்."

பொடிசு புது அட்டை கேட்டாள். பிறகு, "ரெண்டு பேரும் திரும்பி நில்லுங்க" என்றாள்.

டீச்சரும் தொப்பலும் சுவரைப் பார்த்து நின்றார்கள். அந்தப் பக்கமாக வந்த ஹெட்மிஸ்ட்ரஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், பனிஷ்மென்ட்டா?"

"ஆமா மேடம்."

அதே படத்தை வரைந்தாளா, வேறு படமா, யாருக்கும் தெரியாது. இந்த முறை முட்டையை மேசைமேல் வைக்கவில்லை, தானே பைக்குள் போட்டுக்கொண்டாள்.

5.

படத்தில் என்ன? நர்ஸ் தொப்பியோடு ஓர் அம்மா என்று எழுதினேன். ஒரே கட்டிலில் அம்மாவுக்கும் அவளுக்குமாய் இரண்டு தலையணை என்று எழுதினேன். இரண்டாவது எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது. அதிலேயே சந்தேகம் வந்து, கேட்காதே என்றதை மீறி அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"உனக்கு எதுக்குடா அது? நானாவது தெரியாம பண்ணினேன். நீ தெரிஞ்சே அவ முட்டையில கலர் பூசப் பாக்கற."

சுருக்கென்றது. இரண்டு படங்களையும் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். (எடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே மேலே விட்டுவைத்திருக்கிறேன் பாருங்கள். என் புத்தி அவ்வளவுதான்.)

6.

முடிவு அ: அம்மா வருகிறாள், மகளும் அவளும் சேர்ந்து பூசுகிறார்கள். சிறுவர் இதழுக்குச் சரியாக இருக்கும்.

முடிவு ஆ: லீவு கிடைக்கவில்லை. பொடிசு காத்திருந்து பார்த்துவிட்டு, தனியாக உட்கார்ந்து தானே பூசிக்கொள்கிறாள். பெரியவர்கள் படிக்கும் இதழில் பாராட்டுவார்கள்.

அக்காவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: விடுமுறை முடிந்து பொடிசு வகுப்புக்கு வந்தபோது அவள் நகக்கண்களில் நீலம் ஒட்டியிருந்தது. அ என்றாலும் ஆ என்றாலும் அந்த நீலம் இருந்திருக்கும்.

"அம்மா வந்தாங்களான்னு கேட்டியா?"

"கேக்கல."

"ஏன்க்கா? ஒரு வார்த்தைதானே!"

"திரும்பி நிக்கச் சொன்னாடா. இன்னும் பாக்கலாம்னு சொல்லலையே."

அதனால் நானும் சுவரைப் பார்த்தபடிதான் இதை எழுதி முடிக்கிறேன். தொப்பலுக்குப் பக்கத்தில் இன்னும் ஒருவர் நிற்க இடம் இருக்கிறது. வந்து நில்லுங்கள்.