ஜோடிக் கூரை

எங்கள் தெருவில் பழைய வீடு என்று மிச்சமிருப்பவை இரண்டுதான். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து மற்றதெல்லாம் போய்விட்டது. ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு இந்த இரண்டு மட்டும் எப்படியோ நின்றுவிட்டன. பிறகு சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்தன. அதில் ஒன்றில், மூன்றாவது மாடியில், நான் இருக்கிறேன். சமையலறை ஜன்னலில் நின்றால் அந்த இரண்டு கூரையும் நேரே தெரியும்.

இடப்பக்க வீடு இவெட்டுடையது. அவளும் நானும் ஒரே டிப்போவில் பஸ் ஓட்டுகிறோம். கிழக்கு லண்டனை யாரும் சீந்தாத காலத்தில், கரீபியன் கடலின் டொமினிகாத் தீவிலிருந்து வந்த அவள் அப்பா வாங்கிப்போட்ட வீடு அது. அவள் பிறந்ததே அந்த மாடியறையில்தான். வலப்பக்கம் லென் பர்கிஸ். சந்தையில் மீன் விற்று ஓய்ந்தவர், எழுபதைத் தாண்டியவர், மனைவி போன பிறகு தனி ஆள்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இவெட் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், தன் பக்கம் நீண்டிருந்த அவளுடைய பேரிக்காய் மரக் கிளைகளைக் காயோடு அறுத்து, வேலிக்கு மேலாக அவள் தோட்டத்திலேயே வீசிவிட்டார் லென். அன்று நின்றது பேச்சு. குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது எதிர்ப்பட்டால்கூட இரண்டு பேரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

இவெட் வீட்டில் படுக்கையறை இரண்டு. ஒன்றில் அவளும் மகள் டாமராவும். மற்றதில் இரட்டைப் பையன்கள். போன குளிர்காலத்தில் தங்கை கொரீன், புருஷனே வேண்டாம் என்று கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். முன்னறை சோபா அவளுக்கும் குழந்தைக்கும் ஆயிற்று. மாடிப்படியெல்லாம் டயப்பர் மூட்டையும் பள்ளிப் பையும். காலையில் குளியலறை வாசலில் வரிசை.

"வித்துட்டு எசெக்ஸ் பக்கம் போயிடேன். அந்தக் காசுக்கு நாலு ரூம் வருமே" என்று டிப்போவில் சொல்லாத ஆள் இல்லை.

"நான் எதுக்குப் போகணும்?" என்பாள் இவெட். "எங்கப்பா வாங்கினப்ப இந்தத் தெருவ எவனும் எட்டிப் பாக்கல. இப்ப காப்பிக்கு மேல பூ வரஞ்சு குடுக்குற கடை வந்துடுச்சுன்னு நான் கிளம்பணுமா? நான் எங்கயும் போறதில்ல. மேலதான் போவேன்."

மேலே என்றால் மேன்சார்டு. முன்புறக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஸ்லேட் ஓடு வேய்ந்த சரிவு கிட்டத்தட்ட நேராக எழும்பும். அதில் ஜன்னல்கள். உச்சி தட்டையாக முடியும். தலை இடிக்காமல் நடக்கிற ஒரு முழு மாடி கிடைத்துவிடும். அவள் படம் வரைந்து, அனுமதி கேட்டு நகர கவுன்சிலுக்குக் கொடுத்தாள். முடியாது என்று பதில் வந்தது. இரண்டு வீடும் ஒரே அச்சில் வார்த்த ஜோடி, ஒன்று மட்டும் உயர்ந்தால் கோணலாகிவிடும் என்றார்கள். பூங்காவை ஒட்டிய பெரிய வீட்டில் இருக்கும் பிலிப்பா என்ற அம்மாள் இந்த வட்டாரத்தின் பழமைப் பாதுகாப்புச் சங்கத் தலைவி. எதிர்ப்பு அவரிடமிருந்துதான்.

இவெட் கவுன்சிலுக்கே நேரில் போனாள். அங்கிருந்த அதிகாரி மரியாதையான இளைஞன். "ரெண்டு வீட்டுக்காரங்களும் சேர்ந்து, ஒரே மாதிரி, ஒரே நேரத்துல கட்டறதா இருந்தா யோசிக்கலாங்க" என்றான்.

"அந்தாளு வாசல்ல போய் நிக்கறதுக்கு நான் ஓட்டுற பஸ்ஸுக்கு முன்னாடியே படுத்துக்கலாம்" என்றாள் இவெட் என்னிடம், டிப்போ கேன்டீனில்.

அவள் நிற்கவில்லை. கொரீன் நின்றாள். குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே கவுன்சில் இணையதளத்தில் இருந்த அந்த எதிர்ப்புக் கடிதத்தைப் போனில் முழுசாகப் படித்திருக்கிறாள். அதில் ஒரு பத்தி லென்னைப் பற்றி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"என்ன, உங்கக்கா அனுப்பினாளா?" என்றார் லென்.

"அவளுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா. இதக் கேளுங்க. 'பக்கத்து வீட்டில் நலிந்த முதியவர் ஒருவர் வாழ்கிறார். கட்டட வேலையின் தூசியையும் சத்தத்தையும் அவரால் தாங்க இயலாது. அவருடைய கடைசிக் காலத்தின் அமைதியைக் கலைப்பது மனிதத்தன்மை ஆகாது.'"

 "யாரு நலிஞ்சவன்?" என்றார் லென்.

"நீங்கதான் போல."

"காலங்காத்தால ஐஸ் பெட்டி தூக்கின கை இது. கடைசிக் காலமாமில்ல. என்னை ஒரு வார்த்தை கேக்காம என் பேரைச் சொல்லி அழறதுக்கு அவ யாரு?"

செருப்பை மாற்றக்கூட இல்லை. வீட்டுக்குள் போடுகிற செருப்போடேயே வந்து இவெட்டின் மணியை அடித்தார். இவெட் கதவைத் திறந்து, ஆளைப் பார்த்து, மறுபடி மூடப் போனாள்.

"அந்தக் கூரைப் படம் எங்க?" என்றார். "எனக்கும் ஒண்ணு அதே மாதிரி போடச் சொல்லு."

"உங்களுக்கு எதுக்கு ரூமு? இருக்கிறதுலயே பாதி பூட்டிக் கிடக்கு."

"அது என் பாடு. இது உனக்காக இல்ல, அதத் தெரிஞ்சுக்கோ."

"நானும் அப்படி நெனைக்கல. கிளைய வெட்டினது தப்புன்னு சொல்லுங்க, மத்ததப் பேசலாம்."

"சொல்ல மாட்டேன். என் பக்கம் வந்த கிளை."

இவெட் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, உள்ள வாங்க. டீ போடறேன். மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுடாதீங்க."

இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் புதிதாக மனு போட்டார்கள். பிலிப்பா மறுபடி எதிர்த்தார். அதனால் விஷயம் கவுன்சில் கமிட்டி முன்னால் போயிற்று. நகர மண்டபத்தில் ஒரு சாயங்காலக் கூட்டம். நானும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு போனேன். பிலிப்பா அழகாகப் பேசினார். குண்டுவீச்சுக்குத் தப்பிய ஜோடியை நாமே சிதைக்கலாமா என்று கேட்டபோது எனக்கே ஒரு கணம் நியாயம் என்று பட்டது.

லென் எழுந்தார். மனைவியின் இறுதிச் சடங்குக்குத் தைத்த கோட்டு.

"நலிஞ்ச முதியவர்னு எழுதியிருந்தாங்களே, அது நான்தான். நல்லாப் பாத்துக்குங்க. சத்தம் தாங்க மாட்டேனாம். சந்தையில வயசைக் கழிச்சவன் நான், அமைதிதான் எனக்கு ஆகாது. இன்னும் உசிரோடதான் இருக்கேன். அடுத்த தடவை எதிர்க்கறதுன்னா அந்தம்மா அவங்க பேருல எதிர்த்துக்கட்டும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்து இவெட். யூனிபாரத்தோடுதான் வந்திருந்தாள்.

"மேடம், நீங்க உங்க வீட்டுக்கு அடியில தோண்டி நீச்சல் குளம் கட்டினீங்க. அந்த மண்ணு லாரி போன வழியிலதான் நான் பஸ் ஓட்டினேன். நான் எதிர்க்கல, உங்க வீடு. நீங்க கீழ போனது யாரு கண்ணுக்கும் தெரியல. நாங்க மேல போறது தெரியும். வேற என்ன வித்தியாசம்னு யாராவது சொல்லுங்க."

ஓட்டெடுப்பு நடந்தது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் அனுமதி கிடைத்தது.

கோடையில் இரண்டு வீட்டையும் சேர்த்து ஒரே சாரம் கட்டினார்கள். பழைய கூரை இறங்கியது. மேலே தார்ப்பாய் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலையாட்கள் இல்லாத நாள், காற்றும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. தார்ப்பாயின் ஒரு மூலை பிய்ந்து அடித்துக்கொள்வது என் ஜன்னலில் தெரிந்தது. நான் ஓடிப் போனபோது நடுச்சுவரின் இரண்டு பக்கமும் இருவரும் நனைந்து சொட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்திருந்தார்கள்.

"இழு பொண்ணே, பஸ்ஸுல பொத்தான்தான் அமுக்குவியா?"

"நீங்க ஒழுங்காப் பிடிங்க. மீனு இல்ல அது, வழுக்கறதுக்கு."

நான் வாளிகளை மாற்றி மாற்றி வைத்தேன். கொரீன் குழந்தையை டாமராவிடம் கொடுத்துவிட்டு லென் பக்கம் போய்க் கயிறு பிடித்தாள். மழை விட்டதும் நால்வரும் லென்னின் சமையலறையில் உட்கார்ந்து பேக்கன் சாண்ட்விச் சாப்பிட்டோம். இவெட் ரொட்டி காய்ந்திருக்கிறது என்றாள். ஆனாலும் இரண்டு சாப்பிட்டாள்.

இலையுதிர்காலத்தில் வேலை முடிந்தது. இவெட் புது அறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்து, குழந்தைக்குத் தொட்டில் கட்டில் வாங்கி ஜன்னலோரம் போட்டாள். அத்தனையும் தங்கைக்காக. கொரீனைக் கையைப் பிடித்து மேலே கூட்டிப் போனாள். வீட்டைப் பார்க்க வந்திருந்த நானும் கூடவே ஏறினேன்.

கொரீன் சுற்றிலும் பார்த்தாள். "அழகா இருக்குக்கா. டாமராவுக்குக் குடுத்துடு. நான் பக்கத்து வீட்டு மேல் ரூமுக்குப் போறேன்."

"எந்தப் பக்கத்து வீடு?"

"லென்கிட்டப் பேசிட்டேன். வேலைக்குத் திரும்பிட்டேன்ல, வாடகை குடுத்துடுவேன்."

"அந்தாளு வீட்டுக்கா? உனக்காகத்தாண்டி இவ்வளவும் கட்டினேன்."

"தெரியும். நீ இல்லன்னா நானும் பாப்பாவும் என்ன ஆகியிருப்போமோ. ஆனா புருஷன்கிட்ட இத்தன வருஷம் கேட்டுக் கேட்டு நடந்தேன், இப்ப உன்கிட்ட கேட்டு நடக்கறேன். நீ நல்லவதான். இருந்தாலும் விளக்க எப்ப அணைக்கணும், பாப்பா எப்பத் தூங்கணும்னு நான்தான் சொல்லணும்."

இவெட் கீழே இறங்கிப் போய் லென் கதவைப் படபடவென்று தட்டினாள். "என் தங்கச்சி மனசக் கலைச்சுட்டீங்களா?"

"அவளா வந்து கேட்டா. உனக்கு என்ன, என் வீடு" என்றார் லென். "அந்த ரூமு எதுக்குன்னு அன்னிக்குக் கேட்டியே. எனக்கே அப்பத் தெரியாது."

இரண்டு வாரம் இவெட் தங்கையோடு பேசவில்லை. டிப்போவில் என்னிடம்தான் கொட்டித் தீர்த்தாள். "எங்க வீட்டுலயே ஒருத்தி எனக்கு எதுத்து நிக்கறா பாரு" என்பாள். அந்தக் குரலில் கோபம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று எனக்குப் பிடிபட்டதில்லை.

இப்போது ஞாயிறு தோறும் கொரீன் குழந்தையோடு அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள். உப்புக் கருவாடும் பொரித்த வாழைக்காயும். சாப்பிட்டதும், "சரி, வீட்டுக்குக் கிளம்பறேன்" என்று எழுந்திருப்பாள். வீடு என்ற அந்தச் சொல் கேட்டு இவெட்டின் முகம் ஒரு நொடி சுருங்கும். பிறகு இன்னொரு தட்டில் எல்லாம் எடுத்துவைத்து மூடிக் கொடுப்பாள்.

"அந்தாளுக்குக் குடு. உப்பு ஜாஸ்தின்னு போன வாரம் மாதிரி சொல்லி அனுப்பினா, இனிமே கிடையாதுன்னு சொல்லு."