சந்தனம் வைத்த சங்கு

பதிவாபீஸ் மேசைமேல் வீட்டுப் பத்திரத்தை உலகம்மை விரித்து வைத்தாள். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சந்தனக் கறைதான் இருந்தது.

தவறு அவளுடையதுதான். முத்திரைக்குள் இருந்தது பழைய திருவிதாங்கூர் அரசின் சங்கு. அரசு கொச்சியோடு சேர்ந்து திருக்கொச்சியாகி மூன்று வருஷமாகிவிட்டது. ஆனால் ராஜ்யமே பத்மநாபசாமிக்கு உரியது என்று கேட்டு வளர்ந்தவளுக்கு, அது சாமி கையில் இருக்கும் சங்கேதான். கணவன் நீலகண்டன் இறந்த பிறகு பதினோரு வருஷமாக, வெள்ளிதோறும் பெட்டியைத் திறந்து, ஈரவிரலால் துடைத்து, சந்தனம் வைத்துக் கும்பிட்டாள். மை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததை அவள் பார்க்கவில்லை. கொழுந்தன் கோலப்பன் பார்த்துவிட்டான். முத்திரை போனால் பத்திரம் வெறும் காகிதம், வீடு குடும்பச் சொத்து, பாதி எனக்கு என்று அன்றே அடுக்களைப் பக்கம் கயிறு பிடித்து அளந்துவிட்டான். சர்க்கார் முத்திரையை அழித்தால் ஜெயில் என்றும் பயமுறுத்தியிருந்தான்.

இன்று அவனும் கூடவே வந்து நின்றான்.

"பத்மநாபன் சங்கையே தேய்ச்சுக் கழுவிட்டாவ எங்க மைனி," என்றான்.

குமாஸ்தா ததேயுஸ் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பி, பின்புறம் இருந்த நம்பரைப் பார்த்துவிட்டு உள்ளே போய், தலையணை கனத்தில் ஒரு பதிவுப் புத்தகத்தைச் சுமந்து வந்தார். விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தி, உரக்க வாசித்தார். நீலகண்டன் தன் சுய சம்பாத்தியத்தில் வாங்கி, மனைவி உலகம்மைக்கு எழுதி வைத்த வீடு. கிழக்கே குளத்துக்கரை, மேற்கே நடைபாதை. வேற்றுக்குரலில் கணவன் பெயரைக் கேட்டதும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எக்கா, முத்திரை ஒரு சாச்சியாக்கும். பத்திரத்த நாங்க பாத்துப் பதிஞ்சோம்னு சொல்லுத சாச்சி. சாச்சி மங்கிப் போனா வீடு ஆள் மாறாது. எழுத்து இந்தப் புஸ்தகத்துல அப்பிடியே கெடக்கு."

"அப்பம் ஜெயிலு?"

"சாமி கும்பிட்டதுக்கா?"

கோலப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

புத்தகத்தைப் பார்த்து ததேயுஸே நகல் எழுதினார். மதியச் சோற்றுப் பாத்திரம் திறக்காமலே பக்கத்தில் இருந்ததை உலகம்மை கண்டாள். அதிகாரியின் கையெழுத்து வாங்கி, கீழே புது முத்திரையை அழுத்திக் கொடுத்தார். மை காயவில்லை, மடக்க வேண்டாம் என்றார்.

வெளியே சாரல் பிடித்திருந்தது. தாளை இரு உள்ளங்கைகளிலும் ஏந்தியபடி உலகம்மை வாசலில் திகைத்து நின்றாள். கோலப்பன் பக்கத்தில் வந்தான். குடையை விரித்தான்.

இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். அவள் தலையும் அவன் தோளும் நனைந்துகொண்டிருந்தன. குடை தாளின்மேல் மட்டும் இருந்தது.